வடை மணக்கும் டீசல்

பழைய எண்ணெயிலிருந்து புகை குறைந்த டீசல் காய்ச்சுவது என் உத்தியோகம். வீட்டில் அதை உத்தியோகம் என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. பஜ்ஜிக்கடை பஜ்ஜிக்கடையாகக் கேனோடு போய் நின்று, பொரித்து மிஞ்சிய எண்ணெயைக் கெஞ்சி வாங்கி வருகிறவனுக்கு இன்ஜினீயர் என்ற பெயர் எதற்கு என்பது அம்மாவின் கேள்வி. கார்பன், கந்தகம் என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன்.

தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் என் படிப்புக்கு வீட்டில் முதல்முறையாக ஒரு வேலை வந்தது. அப்பாவுக்கு இழுப்பு. புகை பட்டால் மூச்சு அடைத்துக்கொள்ளும். அக்கா கல்யாணத்தில் கரண்ட் போய், மண்டபத்து ஜெனரேட்டர் கரும்புகையைக் கக்க, தாரை வார்க்கிற நேரத்தில் அவரைத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சித்தப்பாதான் தாரை வார்த்தார். அந்தக் கல்யாண ஆல்பத்தை அப்பா இன்றுவரை தொட்டுப் பார்த்ததில்லை.

"இந்தத் தடவ நீங்கதான் தாரை வாக்கறீங்க. ஜெனரேட்டர நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நீ பாத்துக்கறதாலதான்டா பயமா இருக்குது" என்றார்.

சாரம் என்ற பகுதியில் மண்டபம். நான் காய்ச்சியதை ஊற்றப்போன ஜெனரேட்டர்காரர் கேனை முகர்ந்துவிட்டு, "சார், இது ஓடுமா, வேவுமா?" என்று கேட்டார். அறியாதவர் என்று மன்னித்தேன்.

எதிர்பார்த்தபடியே முகூர்த்த நேரத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடியது. கரும்புகை இல்லை. மேடையோரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். பஜ்ஜிக்கடை எண்ணெயை எரித்தால் பஜ்ஜிக்கடைதான் மணக்கும் என்பது மட்டும் இந்த மேதைக்குத் தோன்றவில்லை. மண்டபம் முழுக்கச் சுடச்சுட வடை வாசனை. பந்திக்கு முந்து என்று சொல்லி வளர்த்த ஊர். தாலித் தட்டைத் தொட்டுக் கும்பிட்ட கையோடு கூட்டம் வரிசை வரிசையாக எழுந்து மாடியிலிருந்த சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனது.

மாடியில் சமையல்காரர் கையை விரித்திருக்கிறார். "வடையே போடலீங்க. இட்லி, பொங்கல்தான்."

மாப்பிள்ளையின் தாய்மாமன் இறங்கி வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். "வாசன ஊரத் தூக்குது. எங்க எலையில மட்டும் வடையக் காணோம். யாருக்கு ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

நான் எரிபொருளின் வேதியியலை விளக்க ஆரம்பித்தேன். கேலி செய்கிறேன் என்று நினைத்து அவர் இன்னும் கொதித்தார்.

ஐயர், மேளக்காரர்கள், இரண்டு வீட்டு நெருங்கிய சொந்தம் தவிர மண்டபம் காலி. மணையிலிருந்து தங்கை என்னை முறைத்தாள். அவமானம் பிடுங்கித் தின்றது. அப்பாவைப் பார்த்தேன். இருமல் இல்லை. தங்கையின் கையை மாப்பிள்ளை கையில் வைத்து, தாரை வார்த்து முடித்து, மூச்சை நன்றாக இழுத்து விட்டார். மறுபடியும் இழுத்தார். என்னைக் கிட்டே வரச் சொல்லிச் சைகை காட்டினார்.

"எல்லாரும் மேல போயிட்டானுவ. தீந்துடப் போவுது" என்றார். "எனக்கு ரெண்டு வடை எடுத்து வைக்கச் சொல்லுடா."

வடையே இல்லை; அவர் ஆசையோடு இழுத்தது என் ஜெனரேட்டர் புகையை. அழுதுவிட்டேன்.