இஸ்திரியின் சொந்த முடி

வாசலை ஒட்டிய முதல் நாற்காலியில் வேலை செய்பவளை அந்தப் பார்லரில் இஸ்திரி என்று கூப்பிட்டார்கள். சிலிர்த்துக்கொண்டு நிற்கும் தலையோடு உள்ளே வரும் பெண்கள், அவள் கையிலிருந்து எழுந்து போகும்போது முடி தேய்த்து மடித்த துணி போல முதுகில் படிந்திருக்கும். நகம் பார்ப்பவளுக்கு நகம் என்றே பெயர். பின்பக்கத் தொட்டியில் தலை அலசுபவள் நுரை. இந்தப் பெயர்களை எல்லாம் வைத்தது நுரைதான். தனக்குரியதையும் அவளே வைத்துக்கொண்டாள். முதலாளியம்மாவுக்கும் ஒன்று வைத்திருந்தாள். அதை அவர் காதுபடச் சொல்லும் துணிச்சல் யாருக்கும் இல்லாததால் மேடம் என்பதோடு நின்றுவிட்டது.

முதல் நாற்காலி என்பது சும்மா கிடைக்கிற இடம் அல்ல. தெருவில் போகிறவர்கள் கண்ணாடிக் கதவு வழியே முதலில் பார்ப்பது அதைத்தான். அங்கே நிற்பவளின் தலை, உள்ளே என்ன கிடைக்கும் என்று வெளியே சொல்ல வேண்டும். இஸ்திரியின் தலை சொன்னது. இடுப்பு வரை ஒரு நெளிவு கிடையாது. "உன் தலைதான் நம்ம கடை போர்டு. தனியா ஒண்ணு எதுக்கு எழுதி மாட்டணும்?" என்பார் மேடம். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இஸ்திரி பல வருஷம் சந்தோஷமாக இருந்தாள்.

அந்த நேர்முடி பிறவியில் வந்ததல்ல. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பரட்டை என்று பெயர். காலையில் அம்மா காய்ந்த தலையில் சீப்பைப் போட்டு மேலிருந்து கீழே வறட்டு வறட்டென்று இழுப்பாள். இழுக்க இழுக்க முடி அடங்குவதற்குப் பதில் அடித்த பஞ்சு போலக் கிளம்பும். "யார் தலையடி உனக்கு வந்து தொலைஞ்சுது?" என்று அம்மா கேட்பாள். தொழில் கற்றுக்கொள்ள வந்த இடத்தில் முதல்முறையாகத் தன் தலையை நேராக்கிக்கொண்ட அன்று, கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அதன் பிறகு கல்யாணம் ஆனது. லிஃப்ட் ரிப்பேர் செய்யும் அவள் கணவன் கண்டது அந்த நேர்முடியைத்தான். அவன் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை.

நெற்றி ஓரத்தில் அரிப்பு வந்தபோது ஷாம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தாள். அது புண்ணாகி, காதுக்கு மேலே முடி கொத்தாகக் கையோடு வந்த பிறகுதான் தோல் டாக்டரிடம் போனாள்.

"நேராக்குற க்ரீமும் கூடாது, சூடும் கூடாது. விட்டுடுங்க" என்றார் டாக்டர்.

"என் வேலையே அதுதானே டாக்டர்?"

"அடுத்தவங்க தலைக்கு கையுறை போட்டுக்கிட்டுச் செய்யுங்க. உங்க தலையை மட்டும் சும்மா விடுங்க. இல்லைன்னா முன்பக்கம் முளைக்கவே முளைக்காது."

மேடத்திடம் வந்து சொன்னாள். மேடம் கெட்ட மனுஷி இல்லை. மருந்துக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார், நாற்காலியில் உட்காரச் சொன்னார். அப்புறம் அவள் நெற்றியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆறுற வரைக்கும் உள்ள நுரையோட இரு. கோவிச்சுக்காத. நேராக்க வர்றவ முதல்ல நேராக்குறவ தலையத்தான் பார்ப்பா."

கோபித்துக்கொள்ளவும் வழியில்லை, ஏனென்றால் அது உண்மை. முதல் நாற்காலி நகத்துக்குப் போனது. வாசலிலிருந்து தொட்டிக்கு நாலு எட்டுதான். இஸ்திரிக்கு வேற்றூருக்கு மாற்றல் ஆனது போல இருந்தது. அந்த நாற்காலியைத் திரும்பப் பிடிப்பது ஒன்றே அவளுக்கு நினைப்பு. அதற்குத் தலை தேற வேண்டும்.

தலை தேறவில்லை. புண் ஆறியது, முடியும் முளைத்தது. ஆனால் முளைத்தது வேறு முடி. காது வரை சொரசொரவென்று புடைத்துக்கொண்டும், அதற்குக் கீழே பழைய நேர்முடி பட்டாகத் தொங்கிக்கொண்டும் இருந்தது. சாப்பாட்டு மேஜையில் கணவன் ஒருநாள் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மேல் மாடியில ஒருத்தர், கீழ் மாடியில ஒருத்தர் குடியிருக்கிற மாதிரி இருக்கு. லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சு."

"சிரிக்காதீங்க. சூடு பட்டுக் கெட்டுப்போயிருக்கு. மருந்து போட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

போட்டுக்கொண்டுதான் இருந்தாள். கெட்டுப்போன முடிக்கு அவள் வாடிக்கையாளர்களுக்குப் போடுகிற புரோட்டீன் மாஸ்க்கைத் தன் தலையில் வாரம் தவறாமல் அப்பினாள். கழுவியதும் சீப்பு, சீப்புக்குப் பின்னாலேயே டிரையரின் குளிர்காற்று. முடி விளக்குமாற்றுக் குச்சியாக விறைத்தது. இன்னும் கொஞ்சம் அதிகமாக அப்பினாள்.

அவளுடைய கண்ணைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு தலையைத் தொட்டாலே எந்தக் கடைச் சாயம், எத்தனை முறை சூடு பட்டது என்று சொல்லிவிடக் கூடியவள். ஆனால் தெரிந்ததெல்லாம் அடுத்தவர் தலையைப் பற்றியது. சொந்தத் தலையை நாளெல்லாம் கண்ணாடியில் பார்க்கிறோம் என்பதாலேயே அதை ஆராய வேண்டும் என்று தோன்றாமல் போகிறது. இது முடிக்கு மட்டும் உள்ள குறை அல்ல.

ஒருநாள் மதியம் கரண்ட் போனது. மேடம் வங்கிக்குப் போயிருந்தார். நகம் முன்னால் நாற்காலியில் தூங்கினாள். இஸ்திரியின் தலையில் மாஸ்க் ஊறிக்கொண்டிருந்தது. நுரை அதை அலசிவிட்டு, கொஞ்சம் கண்டிஷனரைத் தடவி விரலால் கோதி விட்டாள்.

"சீப்பு எங்க?" என்றாள் இஸ்திரி.

"மருந்துத் தண்ணியில ஊறுது. எல்லாத்தையும் மொத்தமா போட்டுட்டேன்."

"டிரையரும் இல்ல. ஈரத்தலையோட எப்படி இருக்கிறது?"

பார்லர்க்காரிகளுக்கு இது பெரிய விஷயம். ஈரத்தலையைச் சும்மா விடுவது அவர்களைப் பொறுத்தவரை அடுப்பில் பாலை வைத்துவிட்டு வெளியே போவது மாதிரி. சொட்டு நின்றதும் சீப்பு விழுந்தாக வேண்டும், காற்று அடித்தாக வேண்டும்.

"வா, பின்வாசல்ல உட்காரலாம். ஒரு நாளைக்கு தலை தானா காஞ்சா உலகம் கவுந்துடாது" என்றாள் நுரை.

படியில் உட்கார்ந்தார்கள். நுரை தன் மாமியார் போனில் பேசும் அழகை நடித்துக் காட்டினாள். இஸ்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நடுவில் நுரை பேச்சை நிறுத்தினாள்.

"ஏய். தலைய ஆட்டாத."

"என்ன, பூச்சியா?"

"ஆட்டாதன்னு சொல்றேன்ல." நுரை எழுந்து வந்து, அவள் காதுக்கு மேலே ஒரு கற்றையை விரலால் இழுத்து விட்டாள். அது ஸ்பிரிங் மாதிரி திரும்பிப் போய் உட்கார்ந்தது. இன்னொன்றை இழுத்தாள், அதுவும் போனது. "அடிப்பாவி. இது சுருட்டை முடிடி."

"எனக்கு ஏது சுருட்டை? நான் பரட்டை. கெட்டதுதான் இப்படி சுருண்டிருக்கு."

"சூடு பட்டா எங்க கெடும்? வர்றவளுக்கெல்லாம் பாடம் எடுப்பியே, சொல்லு."

"நுனியில."

"உனக்கு எங்க சுருளுது?"

இஸ்திரியின் விரல் வேருக்குப் போனது. வேரிலேயே கெட்டுப்போய் ஒரு முடி முளைக்குமா? முளைக்காது. இதை எத்தனை பேருக்கு அவளே விளக்கியிருக்கிறாள். காய்ந்த தலையில் அம்மா இழுத்த இழுப்பில் சுருள் ஒவ்வொன்றும் பிரிந்து பஞ்சாகியிருக்கிறது. அம்மா கையிலிருந்து தப்பியதும் பார்லர் சீப்பில் சிக்கியது. பிறந்ததிலிருந்து ஒருமுறைகூட அந்தத் தலையைக் காய்ந்தது காய்ந்தபடி யாரும் விட்டதில்லை.

அவள் சந்தோஷப்பட்டாள் என்று சொன்னால் பொய். அன்று முழுக்க எரிச்சலாக இருந்தாள். வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள்.

மறுநாளிலிருந்து தன் தலையைப் புதிதாக வந்த வாடிக்கையாளரின் தலை போல நடத்தினாள். புரோட்டீன் மாஸ்க்கைத் தூக்கி மேலே வைத்தாள். கண்டிஷனர் வழவழப்பு இருக்கும்போதே அகலப்பல் சீப்பால் நுனியில் தொடங்கி மேலே போனாள். துண்டால் துவட்டாமல் கணவனின் பழைய பனியனில் முடியைக் கீழிருந்து மேலாகக் கசக்கி எடுத்தாள். கொஞ்சம் ஜெல், பிறகு கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது. இந்தக் கடைசி வேலைதான் கஷ்டம். கை தானாக மேலே போகும். நுரை சட்டென்று தட்டிவிடுவாள். ஒருநாள் ஒழுங்காகச் சுருளும், ஒருநாள் ஒரு பக்கம் மட்டும் சுருளும், மழை நாளில் மறுபடி பரட்டை. நேராக்குவதற்குச் செலவழித்த நேரத்தில் பெரிதாக ஒன்றும் மிச்சமாகவில்லை.

"இயற்கையா இருக்க இவ்ளோ வேலையா? இதுக்குச் செயற்கையே தேவல" என்றாள் நுரை. அது வெறும் கேலி இல்லை. இயற்கை என்று நாம் சொல்வதில் பாதி, நாம் பார்த்துப் பார்த்துச் செய்வதுதான்.

கீழே தொங்கிய பழைய முடி, சுருளோடு சேரும் இடத்தில் பட்பட்டென்று முறிந்துகொண்டிருந்தது. ஒரு சோம்பலான மதியத்தில் அவளே கத்தரியை எடுத்துத் தாடை மட்டத்துக்கு வெட்டிக்கொண்டாள். கீழே கிடந்த நீளமுடியை நுரை பெருக்க வந்தபோது, "கொஞ்சம் இரு" என்று சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு தானே பெருக்கி அள்ளினாள்.

வீட்டில் கதவைத் திறந்த கணவன், "யாருங்க வேணும்?" என்றான். சிரித்தான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அவன் குரல் மாறியிருந்தது.

"இத்தன வருஷமா இத ஏன் எங்கிட்ட மறைச்ச?"

"தெரிஞ்சாதானே மறைக்க முடியும்? எனக்கே தெரியாது."

அவன் அதை யோசித்துக்கொண்டே குழாயை மூட மறந்துவிட்டான்.

மேடம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கூப்பிட்டார். "நெத்தி நல்லா ஆறிடுச்சே. ஒரே ஒரு தடவ நேராக்கிட்டு முன்னால வந்துடு. நகத்துக்குக் கை பழகல. ரெண்டு பேர் குறை சொல்லிட்டாங்க."

"யோசிச்சுச் சொல்றேன் மேடம்."

அவள் யோசிக்கத்தான் செய்தாள். அன்று மாலை நேராக்கும் இடுக்கியைச் சூடாக்கி, நெற்றியோரக் கற்றை ஒன்றைப் பிடித்துக்கூடப் பார்த்தாள். நாற்காலி அவ்வளவு வேண்டியிருந்தது. சூடு நெற்றியில் பட்டதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரம்மா வந்தார். இஸ்திரியின் பழைய வாடிக்கை. போனமுறை நகத்திடம் காதில் சுட்டுக்கொண்டு போனவர். தன் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தொட்டியில் தலையைச் சாய்த்தார். நுரை சாப்பிடப் போயிருந்ததால் இஸ்திரி தண்ணீரைத் திறந்தாள்.

"புதுசாம்மா நீ? இங்க இஸ்திரின்னு ஒருத்தி இருந்தாளே, வேலைய விட்டுட்டாளா? அவ போனதுல இருந்து என் தலை என் பேச்சைக் கேக்கல."

இஸ்திரி ஷாம்புவைக் கையில் ஊற்றினாள். அதைத் தலையில் தேய்த்தாள். காதின் பின்பக்கம் விரல் வந்ததும் அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடு சட்டென்று சொன்னார்: "அட, இஸ்திரி!"

"நான்தாங்க்கா."

அந்தம்மா எழுந்து கண்ணாடியை மாட்டி, சொட்டச் சொட்டப் பார்த்தார். "என்னடி இது கோலம்? சரி, அது அப்புறம். எனக்கு நீதான் பண்ணணும். இல்லேன்னா இப்படியே ஈரத்தோட கடைக்குப் போறேன்."

மேடம் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். இஸ்திரியை ஓரமாகக் கூட்டிப்போய் ஒரு பிளாஸ்டிக் தொப்பியை நீட்டினார். "இத மாட்டிக்கிட்டு முன்னால போ. வெளிய இருந்து பார்த்தா தெரியாது."

இஸ்திரி தொப்பியைக் கையில் வாங்கினாள். அதை மாட்டிக்கொண்டால் நாற்காலி கிடைத்துவிடும், இன்றைக்கு மட்டுமல்ல, என்றைக்கும். நேராக்கவும் வேண்டாம். மூடிக்கொண்டால் போதும்.

"தொப்பி வேண்டாம் மேடம்."

"கேட்டா என்ன சொல்லுவ?"

"என் முடின்னு சொல்றேன்."

"விளையாடாத. இன்னிக்கு ஒரு தலை கெட்டுதுன்னா, நாளைக்கு நீ தொட்டியோடதான்."

"சரி மேடம்."

முதல் நாற்காலியில் அந்தம்மாவை உட்கார வைத்துக் கையுறை மாட்டினாள். முடியைப் பாத்தி பாத்தியாகப் பிரித்துக் கிளிப் போட்டாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரண்டு பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கடைக்காரம்மா கேட்டார்: "இது எந்தக் கடையில பண்ணிக்கிட்ட?"

"பண்ணிக்கலங்க்கா. பண்றத நிறுத்திட்டேன்."

"அப்ப நானும் நிறுத்திடவா?"

கல்லாப் பக்கம் மேடம் நோட்டுகளை அடுக்குவது நின்றது. இஸ்திரி அவசரப்படவில்லை. அந்தம்மாவின் வகிடுகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தாள்.

"எனக்குப் புண்ணு வந்துது, நிறுத்தினேன். உங்களுக்கு வேர் சுத்தமா இருக்கு. நிறுத்தினா ஒரு வருஷம் ரெண்டுங்கெட்டானா இருக்கும். தினம் பராமரிக்கணும், அப்பவும் மழை வந்தா சொன்ன பேச்சு கேக்காது. உள்ள என்ன முடி இருக்குன்னும் இப்ப சொல்ல முடியாது. தாங்குவீங்கன்னா நிறுத்துங்க."

அந்தம்மா நெடுநேரம் கண்ணாடியில் அவள் தலையையும் தன் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். "உனக்கு நல்லாத்தான் இருக்கு. எனக்கு அவ்ளோ பொறுமை கிடையாதும்மா. போட்டு விட்டுடு."

"சரிங்க்கா."

வேலை முடிய நேரமாயிற்று. எழுந்தபோது அந்தம்மாவின் முடி ஒரு இழை பிசகாமல் விழுந்தது. அவர் போன பிறகு மேடம் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். இஸ்திரியின் தலையைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில ரெண்டு பேர் நேராக்க வர்றாங்க. நீ முன்னாலேயே இரு" என்றார்.

நகம் ஓடி வந்து தன் பொருள்களை அள்ளினாள். "அப்பாடா. எடுத்துக்குங்க்கா உங்க இடத்த. அந்தக் க்ரீம்ல என் நகமே போச்சு."

நாற்காலி நகத்தின் உயரத்துக்குத் தாழ்ந்து கிடந்தது. இஸ்திரி மிதியைக் காலால் அமுக்கி, தன் உயரத்துக்குக் கொண்டுவந்தாள்.