எங்கள் வீட்டின் மூன்றாவது பிள்ளை

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது ஒரு சனிக்கிழமை மதியம், ஸ்கூட்டரில் வந்து இறங்கிய ஒரு பெண்மணி துணிப்பையிலிருந்து ஓர் இடுப்பெலும்பை எடுத்து எங்கள் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். அடுத்து ஒரு பொம்மை வந்தது. அதன் தொப்புளிலிருந்து துணிக்கயிறு தொங்கியது. அவர் பொம்மையின் தலையை மெல்லத் திருப்பி எலும்பின் நடுவே நுழைத்து மறுபக்கம் இழுத்தார். "இப்படித்தாம்மா, சுத்திச் சுத்தி அதுவே வழி பண்ணிக்கும்" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். மேசையின் மறுமுனையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த எனக்குப் பென்சில் நகரவில்லை. எலும்பு பிளாஸ்டிக் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அவரை டூலா என்றார்கள். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. பிரசவம் முடியும்வரை கூடவே இருந்து, முதுகைத் தேய்த்து, மூச்சுவிடச் சொல்லிக்கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டிருப்பவர். எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தவராம். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். அப்பாவுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை.

"டாக்டர் இருக்காங்க, நர்ஸ் இருக்காங்க, நான் இருக்கேன். இன்னொருத்தர் எதுக்கு?"

"அன்னிக்கு நீங்க வராந்தாவுலதானே நின்னீங்க" என்றாள் அம்மா. "உள்ள நான் தனியாத்தானே இருந்தேன்."

என்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

பொம்மையைப் பைக்குள் வைத்த பிறகு டூலா ஆன்ட்டி ஒரு நோட்டைத் திறந்தார். வயது, ரத்த வகை என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தவர், "இது எத்தனாவதும்மா?" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால், படுக்கையறைக் கதவைப் பார்த்தாள். "மூணாவது" என்றாள்.

கணக்கில் நான் கெட்டிக்காரி. நான் ஒன்று, வயிற்றில் இருப்பது இரண்டு. மேசைக்குக் கீழே விரல்களை மடக்கி மூன்று முறை எண்ணிப் பார்த்தேன். இரண்டுக்குமேல் போகவில்லை. அப்படியானால் எனக்குத் தெரியாமல் இந்த வீட்டில் இன்னொரு பிள்ளை இருக்கிறது. அம்மா கதவைப் பார்த்ததால் அது படுக்கையறையில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

விவேக் நகரில் எங்களுடையது இரண்டு அறைகள் கொண்ட மாடி வீடு. ஒரு பூனை ஒளியவே இடம் போதாது. ஆனாலும் அன்றிலிருந்து கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்க்காமல் நான் படுத்ததில்லை. கதவுக்குப் பின்னால் தொங்கும் அம்மாவின் நைட்டி லேசாக அசைந்தால் கூடத்துக்கு ஓடிவந்துவிடுவேன். ஸ்கூலில் பக்கத்து பெஞ்சுக்காரியிடம் மட்டும் சொன்னேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டு அன்று முழுவதும் என் தண்ணீர் பாட்டிலைத் தொடவில்லை.

டூலா ஆன்ட்டி வாராவாரம் வந்தார். வலி வரும்போது கத்தாமல் அடிவயிற்றிலிருந்து சத்தம் எழுப்ப வேண்டுமாம். அதற்குப் பயிற்சி. திரைச்சீலையை இழுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் "ஊ…" என்று இழுப்பார்கள். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு முழங்கை மயிர் சிலிர்த்துக்கொள்ளும். ஒருநாள் இரண்டு பேர் இருந்த அறையிலிருந்து மூன்று குரல்கள் கேட்டன. மூன்றாவது பக்கத்து வீட்டு மிக்ஸியாக இருந்திருக்கலாம் என்று இன்று தோன்றுகிறது. அன்று அப்படித் தோன்றவில்லை.

கதவு சரியாகச் சாத்தாத ஒரு நாளில் எட்டிப் பார்த்தேன். அம்மா குழந்தையைப் போலக் கையையும் முட்டியையும் ஊன்றித் தரையில் நின்றிருந்தாள். தலைமுடி முகத்தை மறைத்திருந்தது. டூலா ஆன்ட்டி ஒரு நீளமான துப்பட்டாவை வயிற்றுக்கு அடியில் கொடுத்து, இரு முனைகளையும் பிடித்து மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். அம்மா கண்களை மூடியபடி யாரிடமோ பேசினாள்.

"நீ பயப்படாத கண்ணு. நீயும் கூடவே வா. இத மட்டும் என்கிட்ட விட்டுடு."

நான் பின்னாலேயே நகர்ந்து சமையலறைச் சுவரில் இடித்துக்கொண்டேன்.

கடைசி மாதத்தில் ஆஸ்பத்திரிப் பை தயாரானது. டூலா ஆன்ட்டி கொடுத்த பட்டியலை வாசித்து அம்மா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். எல்லாம் முடிந்த பிறகு பீரோவின் மேல்தட்டிலிருந்து, கைக்குட்டையில் சுற்றிய ஒரு மஞ்சள் கம்பளித் தொப்பியை எடுத்தாள். என் முஷ்டி அளவுதான் இருந்தது.

"பாப்பாவுக்காம்மா?"

"பாப்பாவுக்கும்" என்றாள் அம்மா.

எனக்கு விளங்கிவிட்டது. அந்த இன்னொரு பிள்ளை தொப்பியில் வந்து உட்கார்ந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகப் போகிறது. அம்மா அவ்வளவு கெஞ்சியும் பாப்பாவை அம்மாவிடம் விடப்போவதில்லை. அன்று மாலை அம்மா குளிக்கப் போனதும் தொப்பியைத் தூக்கி அரிசி டிரம்மின் அடியில் புதைத்து, மேலே அரிசியைத் தள்ளி மூடினேன். பாப்பாவைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

நான்காம் நாள் மதியம் பனிக்குடம் உடைந்தது. டூலா ஆன்ட்டி வந்துவிட்டார், கீழே கேப் வந்து நின்றது. அம்மா கடைசியாக ஒருமுறை பைக்குள் கைவிட்டுப் பார்த்தாள். பிறகு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"தொப்பி இல்லாம நான் வர மாட்டேன்."

அப்பா பீரோவைக் கவிழ்க்காத குறை. "கடையில வேற வாங்கிக்கலாம்மா, கெளம்பு" என்று கெஞ்சினார். அம்மா அசையவில்லை. வலி வந்து அந்த "ஊ…" அவளிடமிருந்து கிளம்பியது. இம்முறை பயிற்சி இல்லை. கால் வழியே நீர் வழிந்து தரை நனைந்திருந்தது. அம்மா இங்கேயே செத்துப்போவாள் என்று நினைத்தேன். சொன்னால் அது வந்துவிடும், சொல்லாவிட்டால் அம்மா போய்விடுவாள்.

டூலா ஆன்ட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டார். தொப்பி எங்கே என்று கேட்கவில்லை. பக்கத்தில் வந்து குனிந்து, சின்னப் பெண்களைக் கன்னடத்தில் கொஞ்சுவதுபோல, "இன்னும் ஸ்வல்ப டைம் இருக்கு புட்டி. எதுக்கு இப்படி நடுங்கற?" என்றார்.

"மூணாவது பாப்பா" என்றேன். "அது நம்ம பாப்பாவ எடுத்துட்டுப் போயிடும்."

அம்மா வலி அடங்கும்வரை காத்திருந்து, நிலையிலிருந்து கையை எடுக்காமல் என்னைக் கூப்பிட்டாள்.

"அது மூணாவது இல்லடி. அதுதான் முதல்ல வந்தது. உனக்கு அக்கா. வரும்போதே மூச்சு இல்ல. நான் பின்னின தொப்பிய அவ தலையில பத்து நிமிஷம் வச்சுக்க விட்டாங்க. அப்புறம் தொப்பிய என்கிட்ட குடுத்துட்டு அவளத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

நான் அழுதுகொண்டே டிரம்முக்குள் தோள்வரை கையை விட்டேன்.

கேப் கிளம்பியபோது அம்மா தொப்பியை நெஞ்சோடு வைத்திருந்தாள். டூலா ஆன்ட்டி அவளுடைய மறு கையை விடவே இல்லை. அன்று மாலை தம்பி பிறந்தான், ஊரே கேட்கும்படி அழுதுகொண்டு. தொப்பியை மாட்டியபோது உள்ளிருந்து ஏழெட்டு அரிசி உதிர்ந்ததாம். பிறந்ததுமே அட்சதையா என்று நர்ஸ் சிரித்தாராம்.

வீட்டுக்கு வந்த பிறகு ஆல்பத்தை எடுத்தேன். நான் பிறந்த அன்று, அம்மா என்னை ஏந்தியிருக்க அப்பா எடுத்த படம் அதில் இருந்தது. நூறு தடவை பார்த்த படம். என் தலையிலும் அதே மஞ்சள் தொப்பி. எனக்குப் பக்கத்திலிருந்து யாரோ அந்தப் படத்தை எட்டிப் பார்ப்பதைப் போலிருந்தது. அப்பாவின் போனில் தம்பியின் படத்தைத் திறந்து, ஆல்பத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் அம்மாவின் கண்கள் குழந்தையின் முகத்துக்குச் சற்று மேலே, தொப்பியில் நின்றிருந்தன.

"ரெண்டு தடவையும் அம்மா பாப்பாவப் பாக்கறதுக்குள்ள க்ளிக் பண்ணிட்டீங்கப்பா" என்று குறை சொன்னேன்.

அப்பா இரண்டு படங்களையும் வெகுநேரம் பார்த்தார். "ஆமாண்டா, அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

பல வருஷம் நான் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.