சங்ககிரியில் கிரேக்கச் சிங்கம்

சங்ககிரியில் பஸ் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். எதிரே மண்டபக் கூரைக்குக் கல் கொத்தும் தச்சரிடம் என் புகைப்படத்தைப் பெருமையாக நீட்டுகிறேன். அது பழைய கிரேக்கக் கோயிலின் பளிங்குச் சிங்கமுகம். நாளை சேலத்தில் அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

"கர்ஜனை பண்ணுது பாருங்க. எதிரிங்க ஆத்திரத்துல உதட்டை ஒடைச்சிருக்காங்க," என்கிறேன்.

அவர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோகிறார். "ஒடைக்கலீங்க சாமி, தேஞ்சிருக்குது. கூரையில பேயற மழைத்தண்ணி இந்த வாய் வழியாத்தான் வெளிய போகும்."

தாம் கொத்திய யாளி முகத்தின் பின்துளையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றுகிறார். அது வாய் வழியே பாய்ந்து தள்ளி விழுகிறது.

"இப்படி ஊத்திப் பாத்துட்டுத்தானுங்க மேல ஏத்துவோம்."

பஸ்ஸில் ஏறியதும் என் பேச்சைத் திருத்துகிறேன். பன்னிரண்டு பக்கங்களில் அடிபடாமல் தப்பியது 'பளிங்கு' மட்டும்தான்.