இன்னிக்கு இன்னா பயம்?

ரோசலின் அக்கா இறந்த செய்தி எனக்குப் படகில் வந்தது. வள்ளூர் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரியும் தூரத்தில் கடலடியை அளந்துகொண்டிருந்தோம். அவருடைய தம்பி போனில், "அக்கா பூட்டாங்க" என்றான். நான் திரையைப் பார்த்தபடியே "சரிப்பா" என்றேன். எதற்குச் சரி என்றேனோ, இன்னும் தெரியவில்லை.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அப்படியொரு பயந்தாங்கொள்ளியைக் கடலில் பார்க்க முடியாது. அப்பா கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலைத் தொழிலாளி. அக்கா நிலவியல் படித்து, ஒப்பந்த வேலையாகவே அலைந்து, கடலடி வரைபடம் எடுக்கும் எங்கள் குழுவுக்குத் தலைவியானார். அதற்குப் பிறகும் படகில் ஏறும்போது பக்கத்தில் நிற்பவர் தோளைப் பிடித்துக்கொள்வார். பயத்தை மறைக்கவே மாட்டார். ஷிஃப்ட் மாறும்போது மற்றவர்கள் எவ்வளவு முடிந்தது என்று கேட்பார்கள். அவர் கேட்பது, "இன்னிக்கு இன்னா பயம்?"

ஒருமுறை முகத்துவாரத்தருகே தயங்கித் தயங்கிச் சொன்னேன்: "ஸ்கிரீன்ல லெஃப்ட் ஓரத்துல கலர் ஒரு மாதிரியா கீதுக்கா. ஒண்ணும் இல்லாமயும் இருக்கலாம்."

உடனே படகைத் திருப்பச் சொன்னார். படகோட்டி முருகேசன் அண்ணனுக்குக் கோபம். "இன்னாம்மா பேஜாரு! இந்தப் பொண்ணு பயந்துக்கிச்சுன்னு டீசல ஊத்திக்கினே இருக்கணுமா?"

மறுபடி ஓட்டியபோது, மூழ்கிய விசைப்படகு ஒன்றின் கம்பம் நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே நிற்பது தெரிந்தது. எங்கள் அடுத்த ஓட்டம் அதன் மேல்தான் போயிருக்கும். அண்ணன் தானாகவே வேகத்தைக் குறைத்தார். அக்கா அதை வரைபடத்தில் குறித்துவிட்டுச் சொன்னார்: "பயத்த வாய் வுட்டு சொல்ட்டா அதுக்கு ஒரு எடம் கெடச்சிடும்டி. அப்பால சுத்திக்கினு போய்டலாம்."

டெங்குக் காய்ச்சலோடு திருவள்ளூர் மருத்துவமனையில் இருந்தவரிடம், நானே முந்திக்கொண்டு கேட்டேன்: "இன்னாக்கா பயம் இன்னிக்கு?"

"ஒண்ணும் இல்லடி."

அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

அவருடைய பொறுப்பை இப்போது எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆசைப்பட்ட பதவிதான், ஐயோ, இப்படியா வந்து சேர வேண்டும்? திங்கட்கிழமை நான் தலைமையேற்றுக் கடலுக்குப் போகிறேன். நினைத்தாலே பயமாக இருக்கிறது. அக்காவிடமிருந்து நான் எடுத்துப்போவது அந்தக் கேள்வியைத்தான். குழுவில் எல்லோரிடமும் கேட்டுவிடுவேன். என்னை யார் கேட்பார்கள் என்றுதான் அடக்கத்தின்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது முருகேசன் அண்ணன் பக்கத்தில் வந்து நடந்தார். பிறகு தரையைப் பார்த்தபடியே, "திங்கக்கெழமைக்கு இன்னாம்மா பயம்?" என்றார்.

சொல்ல ஆரம்பித்தேன். கல்லறைத் தோட்டத்து வாசல் வந்தும் முடியவில்லை. அவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.