வெடிப்பு விழாத தடம்

"கேபிள் பழுது, குடிசைக்கு அடியில போவுது. இந்த ரெண்டை மட்டும் எழுதிக் குடுத்துடுப்பா. மத்ததை நான் பாத்துக்கறேன்."

வலங்கைமான் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டின் கொல்லையில் நின்றுகொண்டு, வீட்டுக்கார ஐயா எங்கள் வயர்மேன் சாமிநாதன் அண்ணனிடம் இப்படிச் சொன்னார். அண்ணன் பேனாவைத் திறந்துவிட்டார். பக்கத்தில் கடப்பாரையோடு நான் நின்றேன்.

நான் அண்ணனிடம் சித்தாளாக இருந்தேன். பள்ளம் தோண்டுவேன், மண் அள்ளுவேன், வயரில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கிற மெக்கர் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றுவேன். படிப்பு அஞ்சாம் வகுப்பு. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்க வராது. இப்போதும் வராது. எழுதுவது பரவாயில்லை, யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

1. முள் ஏறவில்லை

குடியிருக்கிற மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்திருந்த நேரம் அது. ஊருக்கு ஊர் தகராறு. வயலில் செங்கொடி நட்டார்கள். பண்ணை வீடுகளில் சாயங்காலமே கதவைச் சாத்தினார்கள். இந்த ஐயா வீட்டுக் கொல்லையின் கடைசியில் காத்தாயி என்கிற அறுப்புக்காரப் பெண் குடிசை போட்டு ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. புருஷன் இல்லை, ரெண்டு பெண் குழந்தைகள். மனையை அளக்கத் தாலுகா ஆபீசிலிருந்து அடுத்த வாரம் ஆள் வருவதாக இருந்தது. அதற்குள் ஐயாவுக்குப் பழைய கேபிள் ஞாபகம் வந்துவிட்டது. வீட்டில் மோட்டார் வைக்கப்போகிறேன், பழைய கேபிள் தாங்குமா பார் என்றுதான் எங்களைக் கூப்பிட்டார். வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது, குடிசையைக் காலி பண்ண அவருக்கு ஒரு காகிதம் வேண்டும்.

கேபிள் வாய்க்கால் கரை போஸ்ட்டிலிருந்து கொல்லை வழியாக மண்ணுக்குள் வருகிறது. வைக்கோல் வண்டி பாரத்தோடு களத்துக்கு வரும்போது மேலே கம்பி இடிக்கும் என்று ஐயாவின் அப்பா அதைப் புதைத்திருக்கிறார். படம் கிடையாது. புதைத்தவர்களும் இல்லை.

லைன்மேன் வந்து போஸ்ட்டில் இணைப்பைக் கழற்றினார். அண்ணன் வீட்டுப் பக்கம் பியூசைப் பிடுங்கி, டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்து, கரண்ட் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு மெக்கரை மாட்டினார். நான் சுற்றினேன். முள் ஏறவே இல்லை, அடியிலேயே கிடந்தது. எங்கோ கரண்ட் கசிகிறது என்று அர்த்தம்.

"பாத்தியா? குடிசைக்குக் கீழ பிஞ்சு கெடக்கு" என்றார் ஐயா. "நாளைக்கு மழை பேஞ்சா அந்தப் புள்ளைங்க உசுருக்கு யார் பொறுப்பு? அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"இத்தினி வருசமா இல்லாத அக்கறை இன்னிக்கு எங்கேருந்து வந்துச்சாம்?" என்றாள் குடிசை வாசலில் நின்ற காத்தாயி.

"கேபிள் கெட்டிருக்குன்னு மெக்கர் சொல்லும், எங்கன்னு சொல்லாதுங்க" என்று அண்ணன் இழுத்தார். ஆனால் அந்த மாதிரி நாலு வீட்டு வேலையில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. அதனால்தான் பேனா கையில் இருந்தது.

2. தரை வரைந்த படம்

சித்திரை மாசம். டெல்டா களிமண் வெயிலில் எப்படி வெடிக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, முழங்கை வரை உள்ளே போகும். நான் பார்வையைக் கீழே போட்டுத்தான் நிற்பேன். அப்படி நின்றதில், வைக்கோல் விலகிக் கிடந்த ஓரிடத்தில், ரெண்டு சாண் அகலத்துக்கு வெடிப்பே இல்லை என்று தெரிந்தது. ரெண்டு பக்கமும் வாய் பிளந்த மண், நடுவில் மட்டும் மூடிய மண்.

எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. கேபிள் புதைக்கும்போது தோண்டிய களிக்கட்டியைத் திரும்பப் போட்டால் பள்ளம் சரியாக மூடாது. ஆற்று மணலைத்தான் மேல் வரைக்கும் கொட்டுவோம். மணல் வெடிக்காது. வெடிக்காத இந்தப் பட்டைதான் கேபிள் போகிற வழி.

"அண்ணே" என்றேன். "கூட்டிப் பாக்கலாமாண்ணே?"

"எதைக் கூட்டப் போறே?"

"கொல்லையத்தான்."

ஐயா சிரித்தார். "வயர் பாக்க வந்தியா, வாசல் தெளிக்க வந்தியா?"

காத்தாயி உள்ளே போய் ரெண்டு விளக்குமாறு கொண்டுவந்தாள். நாங்கள் இரண்டு பேரும் குனிந்து சருகையும் வைக்கோலையும் கூட்டக் கூட்ட, தடம் ஓடியது. போஸ்ட் அடியிலிருந்து நேராகக் குடிசையைப் பார்த்து வந்தது. காத்தாயி விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நான் கூட்டிக்கொண்டே போனேன். குடிசைக்கு ஆறு அடி முன்னால் தடம் வளைந்தது. வளைந்து, குடிசையை ஒரு பக்கமாகச் சுற்றிக்கொண்டு, மறுபடி நேராகி வீட்டுச் சுவருக்குப் போனது.

இத்தனை வருஷம் எல்லாரும் மிதித்து நடந்த தரைதான்.

"எங்கப்பா எதுக்குய்யா வளைச்சுப் போடணும்?" என்றார் ஐயா. குரலில் பழைய பலம் இல்லை.

வளைவில் ஒரு குழி போட்டோம். ரெண்டடியில் கடப்பாரை 'ணங்' என்றது. கேபிளுக்குக் காப்பாக மேலே குறுக்கே அடுக்கிய செங்கல். அதற்கப்புறம் கையால்தான் தோண்ட வேண்டும். மணலைத் தள்ளினேன். கேபிள் படுத்திருந்தது. மேலே சுற்றிய சணல் கறுத்திருந்ததே தவிர உள்ளே ஈய உறை கீறல்கூட இல்லாமல் இருந்தது.

"உள்ளயும் தோண்டிப் பாத்துடுங்க. நாளைக்கு ஒரு பேச்சு வரப்படாது" என்று சொல்லி, காத்தாயி தன் அடுப்பைத் தானே பெயர்த்துப் போட்டாள். அங்கே மூன்றடி போனேன். மணல் இல்லை, செங்கல் இல்லை. தொடை தண்டிக்கு உளுத்துப்போன வேர் வந்தது. அண்ணன் முகர்ந்து பார்த்து, "இலுப்பை" என்றார்.

ஐயா அந்த வேரையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஆமா. இங்க ஒரு இலுப்பை மரம் நின்னுது. நான் சின்னப் பையன்" என்றார். மரத்துக்காக வளைந்த கேபிள். மரம் போன இடத்தில் குடிசை.

3. படுத்திருக்கிற எட்டு

அப்படியானால் பழுது எங்கே? அண்ணன் வீட்டுச் சுவரில் கேபிள் ஏறுகிற பெட்டியைக் கழற்றினார். உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குளிக்கிற அறையிலிருந்து கசிந்த தண்ணீர் அதில் ஊறி, முனைகளை ஈரம் பிணைத்திருந்தது. கூட்டைச் சுரண்டி, துடைத்து, வெயிலில் காயவிட்டு மறுபடி மெக்கர் மாட்டினார். நான் சுற்றினேன். முள் நகர்ந்தது, ஏறியது, கடைசிக் குறியில் போய் நின்றது. எட்டைப் படுக்கப் போட்ட மாதிரி ஒரு குறி இருக்கும், அதில். கசிவே இல்லை என்று அர்த்தம். மண்ணுக்குள் அத்தனை காலம் கிடந்தது இப்படிச் சுத்தமாக இருக்கிறதே என்று கைப்பிடியை நிறுத்தத் தோன்றாமல் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

"போதும் பாக்கியம், கை வலிக்கப் போவுது" என்றார் அண்ணன்.

அவர் எழுதினார். கேபிள் நல்ல நிலை, பெட்டியில் மட்டும் பழுது, அது சரிசெய்யப்பட்டது. கீழே தடத்தை வரைந்து, வளைவுக்குள் ஒரு சதுரம் போட்டு, 'காத்தாயி குடிசை' என்று எழுதினார். ஐயா வாங்கிப் படித்துவிட்டுக் கிழிக்கவில்லை. "இன்னொரு நகல் போட்டு அவகிட்டயும் குடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கருவி எவ்வளவு சொன்னதோ அவ்வளவுதான் அது சொன்னது. மிச்சத்தை நாமாக எழுதக் கூடாது. அதற்குத் தரையைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

குழியை மூடி மிதித்துக் கொடுத்தேன். காத்தாயி அடுப்புக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, "நெசமா கீழ ஒண்ணும் இல்லைல்ல?" என்றாள்.

"வேருதாங்க்கா."

பழைய இடத்திலேயே வைத்து மூட்டினாள்.