சமீர் கையெழுத்துப் போடாத பெர்மிட்

இரண்டாயிரங்களின் நடுவில் அபுதாபி ருவைஸ் எண்ணெய் ஆலையில் ஒரு ஷட்டவுன் வேலை; ஆலையை நிறுத்திவிட்டுச் செய்யும் பராமரிப்பு. நான் சேஃப்டி ஆபீசர். டேங்குக்குள் ஒருவர் இறங்கினால், மேன்ஹோல் வாசலில் இன்னொருவர் காவல் நிற்க வேண்டும். ஸ்டாண்ட்பை என்போம். உள்ளே போனவரின் உயிர் அவர் கையில்.

அன்று காலை உள்ளே போக வேண்டியவர் இன்ஸ்பெக்‌ஷன் இன்ஜினியர் நபீல். ஸ்டாண்ட்பை, புதிதாக வந்த சமீர். இருவரும் லெபனான்காரர்கள், பேச்சு எளிது என்று நான்தான் சேர்த்துப் போட்டேன்.

ஸ்டாண்ட்பை கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே இறங்க அனுமதிக்கும் பெர்மிட் செல்லும். சமீர் அதில் கையெழுத்துப் போடவில்லை. என்னைத் தனியே அழைத்து, அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார்.

"இவனோட ஆளுங்க எங்க மலையில ஒரு சிறுபான்மைச் சமயம். அவங்களுக்கு ஒரு கட்சி, கட்சிக்கு ஒரு துப்பாக்கிப் படை. உள்நாட்டுச் சண்டை நடந்தப்ப எங்க ரோட்டுல செக்போஸ்ட் போட்டு, எங்கப்பாவைக் கார்லேர்ந்து இறக்குனாங்க. அவர் திரும்பி வரல. இவன் அந்தப் படையில இருந்தவன். நேத்து அவன் வாயாலயே சொன்னான்."

"அது பழைய கதை, சமீர். இங்க எல்லாரும் டூட்டிக்கு வந்தவங்க."

"உள்ள அவன் மயங்கி விழுந்தா, என் கை என்ன செய்யும்னு எனக்கே தெரியல. அதான் சொல்றேன்."

வேலையை நிறுத்தினேன். ஷட்டவுன் மேனேஜர் மதுரைக்காரர். ரேடியோவில் கத்தினார்.

"யோவ், கட்சிச் சண்டைக்கெல்லாம் வேலைய நிறுத்துவியா?"

"வேற ஸ்டாண்ட்பை வர்ற வரைக்கும் யாரும் இறங்க மாட்டாங்க சார்."

நபீலிடம் காரணத்தைச் சொன்னேன். ஹெல்மெட்டைக் கழற்றினார். "அவன் செஞ்சது சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு, நேரே சமீரிடம் போய் அரபியில் பேசினார். என்ன பேசினார் என்று சமீர்தான் எனக்குப் பிறகு சொன்னார்.

"அப்ப எனக்குப் பதினெட்டு வயசு. அந்த செக்போஸ்ட்ல நின்னேன். உங்கப்பாவைச் சுட்டது நான் இல்ல. தடுக்கவும் இல்ல. எங்க புதைச்சாங்கன்னு தெரியும்."

ஒரு தாளில் ரோட்டையும் வளைவையும் வரைந்து, இடத்தைக் குறித்துக் கொடுத்தாராம். சமீர் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாளே எமர்ஜென்சி லீவில் ஊருக்குப் போனார்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பினார்.

"அப்பாவை அடக்கம் பண்ணிட்டோம். அம்மா கூட நின்னாங்க."

"நபீலை மன்னிச்சிட்டீங்களா?"

"இல்ல. என்னை வேற யூனிட்டுக்குப் போடுங்க."

போட்டேன். அவர்கள் பேசிக்கொண்டதை அப்புறம் நான் பார்த்ததில்லை.

அதன்பிறகு ஸ்டாண்ட்பை நிற்கிறவரிடம் கேஸ் டெஸ்ட், கயிறு, ரேடியோவோடு ஒன்றையும் சேர்த்துக் கேட்பேன்: "இவருக்குக் காவல் நிற்க உங்களுக்குச் சம்மதமா?" முடியாது என்று சொல்கிறவரை நான் அவசரப்படுத்துவதில்லை. பேசாமல் கையெழுத்துப் போடுகிறவரைத்தான் இன்னொரு முறை பார்ப்பேன்.