விசில் இல்லாமல் கிளம்பாத பஸ்

இன்று மதுரை டவுன் பஸ்ஸில் விசில் சத்தம் கேட்டதும் தனியாகச் சிரித்துவிட்டேன்.

எண்பதுகளில் உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு தினமும் வேலைக்குப் போவேன். ஒருநாள், புதிதாகச் சேர்ந்த இளம் கண்டக்டர் விசிலை வீட்டிலேயே மறந்துவிட்டார்.

"ரைட், போலாம்ணே!" என்று கத்தினார்.

ஓய்வுபெற இரண்டே மாதம் இருந்த டிரைவர் அசையவில்லை. "இருவத்தஞ்சு வருசமா விசிலுக்குத்தான் வண்டிய எடுத்திருக்கேன்."

"கை தட்டவாண்ணே?"

"தட்டு. உக்காந்து கேக்குறேன்."

எனக்கோ ஆபீசுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அப்போது பின்சீட்டிலிருந்து ரிட்டயர்டான டிரில் மாஸ்டர் ஒருவர் எழுந்து, பையிலிருந்து விசிலை எடுத்தார். கண்டக்டர் கை நீட்டினார்.

"எச்சி விசிலத் தர மாட்டேன். நானே ஊதுறேன்."

ஊதினார். வண்டி கிளம்பியது. அவர் அதோடு நிற்கவில்லை. செக்கானூரணியில் இறங்க எழுந்தவர்களிடம், "தள்ளாத! வரிசையில நில்லு! லெப்ட், ரைட்!" என்றார். அத்தனை பேரும் காலை மாற்றி மாற்றி வைத்து இறங்கினார்கள்.

மதுரை வந்ததும் டிரைவர் மாஸ்டரைக் காட்டி கண்டக்டரிடம், "வேலைன்னா இப்படிப் பாக்கணும், கத்துக்க" என்றார்.

கண்டக்டர் மாஸ்டரிடம் பணிவாகக் கேட்டார்: "சார், நாளைக்கும் வாங்க. டிக்கெட்டையும் நீங்களே கிழிச்சிருங்க."

நான் ஆபீசுக்கு அரை மணி நேரம் லேட். நடந்ததைச் சொன்னேன், மேனேஜர் நம்பவில்லை. நீங்களாவது நம்புகிறீர்களா?